முன்கட்டைக்கு அடியில்

“வெடி எங்கலே போச்சு? டிக்குன்னு ஒரு சத்தம். அம்புட்டுதான். நான் நெட்டி முறிச்சா இதைவிடச் சத்தம் கேக்கும்.”

“தோட்டா நமுத்துப் போச்சுக்கா. தோக்குக்கு ஒரு குறையும் இல்ல.”

“நமுத்த தோட்டாவ வச்சுக்கிட்டு பன்னிய என்ன செய்யப் போற? நெத்தியப் பாத்து எறிவியா?”

“ஏட்டி செல்லி, இவளுக்குக் கொஞ்சம் சாயா கொடு. வாய்ச்சூடு அப்பதான் ஆறும்.”

செல்லபாய் அடுக்களை வாசலில் நின்று இருவரையும் பார்த்தாள். சிரிக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. அவள் கணவன் ஞானசிங் விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் மடியில் கிடந்த துப்பாக்கியை விட்டு அவன் கண்ணை எடுக்கவில்லை. அவனுடைய அக்கா ராகேல் முற்றத்தில் நின்று சேலைத் தலைப்பில் ஒட்டிய செம்மண்ணைத் தட்டினாள். இரண்டு பேரும் அப்போதுதான் மரச்சீனிக் கிழங்கு நட்ட விளையிலிருந்து ஓடி வந்திருந்தார்கள்.

நடந்தது இவ்வளவுதான். விடிந்து வெயில் ஏறும் முன்னே விளைக்குள் காட்டுப்பன்னி இறங்கியிருந்தது. வரப்பு மறைவிலிருந்து முப்பது அடி தூரத்தில் ஞானசிங் குறி வைத்தான். விசையை இழுத்தான். டிக் என்றது. அடுத்த தோட்டாவைப் போட்டான். மறுபடியும் டிக். பன்னி தலையைத் தூக்கி, வாயில் தொங்கிய கிழங்கை மென்றுகொண்டே அவனைப் பார்த்தது. பிறகு அவசரமில்லாமல் மறுபடியும் குனிந்து தோண்ட ஆரம்பித்தது. அந்தப் பார்வைதான் ராகேலால் பொறுக்க முடியாதது. போன ஐப்பசியில் இதே மாதிரி ஒரு பன்னி அவள் கணவனின் தொடையைக் கிழித்துப் போட்டது. நாலு பேர் கட்டிலில் தூக்கிக்கொண்டு ஓடியும் குலசேகரம் தாண்டும் முன் உயிர் போய்விட்டது. அதன் பிறகு ஒரு தகரப்பெட்டியுடன் தம்பி வீட்டுக்கு வந்தவள், அந்தப் பெட்டியை இன்றுவரை முழுதாகப் பிரித்து அடுக்கவில்லை.

துப்பாக்கி ஆசை அவள் மூட்டியதுதான். மேலே ரப்பர் எஸ்டேட்டில் இருந்த துரை ஊருக்குத் திரும்பப் போகிறார், அவருடைய பழைய துப்பாக்கி ஒன்று கைமாறப் போகிறது என்று கிளார்க்கு சொன்னதைக் கேட்டு வந்தவளும் அவளே. லைசென்சுக்காக ஞானசிங் எட்டு மாதம் பத்மநாபபுரம் சர்க்கார் கச்சேரி வாசலில் நின்றான். கடைசியில் துப்பாக்கி வீட்டுக்கு வந்தபோது கூடவே ஒரு கித்தான் பையில் ஐந்து தோட்டாக்கள் வந்தன. எத்தனை மழைக்காலம் துரையின் குளியலறை அலமாரியில் கிடந்தனவோ, பித்தளை முழுக்கப் பச்சை பூத்திருந்தது. ஞானசிங் அவற்றைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கி வைத்திருந்தான். வெளியே பளபளத்தால் உள்ளேயும் நன்றாகத்தான் இருக்கும் என்று அவனும் நம்பினான், செல்லபாயும் நம்பினாள்.

பனையும் மண்வெட்டியும் பாளைக்கத்தியும் அறிந்த கை அது. துப்பாக்கியை அது அறியாது. ஆனால் ஒன்று செய்தான். குழாயின் அடியில் இடதுகையால் பிடிக்கிற முன்கட்டை நீளவாக்கில் விரிசல் விட்டிருந்தது. பாளைக்கத்தியின் பிடிக்குக் கட்டுகிற மாதிரியே அதற்கும் கட்டுப் போட்டான். பனை நாரை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து, கட்டையோடு குழாயையும் சேர்த்துச் சுற்றி, பல்லால் கடித்து இழுத்து இறுக்கினான். அதன் மேல் முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெயைப் பூசினான். வெயிலில் வைத்தான். மறுபடியும் பூசினான். மூன்று நாள். நார் இறுகிக் கறுத்துக் கல் மாதிரி ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போகிற வழியில் ஆட்கள் நின்று அதை விரலால் சுண்டிப் பார்த்தார்கள். “துரைமாரு செய்த வேலைய விட சிங்குக்க கட்டு உறப்பாக்கும்” என்று ஒருவர் சொன்னதை ஞானசிங் ஒரு வாரம் வாயில் வைத்துச் சுவைத்துக்கொண்டிருந்தான்.

“புதுத் தோட்டா வாங்கணும்,” என்றான் இப்போது. “திருவனந்தபுரத்தில ரொசாரியோன்னு ஒருத்தர் தோக்குக்கடை வச்சிருக்காராம். கிளார்க்கு சொன்னாரு. கடுதாசி போட்டா போதுமாம். இங்கிலீசில போடணும்.”

ராகேல் தலையைத் திருப்பி அடுக்களை வாசலைப் பார்த்தாள். முகம் கொஞ்சம் இளகியது.

“அதுக்குத்தானே வீட்டில ஒருத்திய வச்சிருக்கோம்,” என்றாள்.

*

செல்லபாய் மிஷன் பள்ளிக்கூடத்துப் போர்டிங்கில் எட்டு வருஷம் இருந்தவள். கல்யாணமாகி இந்த மலையடிவாரத்துக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. மண் சுமக்கத் தெரியவில்லை, கிழங்கு வாட்டத் தெரியவில்லை, பசு அவளைக் கண்டால் உதைக்கிறது. ஆனால் கடிதம் வந்தால் ஊரே அவளிடம் வரும். கொழும்பிலிருந்து மகன் எழுதியதும் கோலாரிலிருந்து மருமகன் எழுதியதும் அவள் வாயால்தான் இங்கே கேட்கும். இங்கிலீஷ் காகிதம் என்றால் கேட்கவே வேண்டாம். அந்த நேரத்தில் மட்டும் ராகேல் அவளுக்குப் பலகை எடுத்துப் போடுவாள். அந்தப் பலகையில் உட்காருகிற கொஞ்ச நேரத்துக்காகவே மற்ற வேலைகளில் வாங்குகிற ஏச்சையெல்லாம் செல்லபாய் பொறுத்துக்கொண்டாள்.

ரொசாரியோவுக்கு அவள் எழுதினாள். துப்பாக்கிக் குழாயின் வாய் அரை அங்குலம், தோட்டாவின் கூடு மூன்று அங்குலம் என்று நூல் பிடித்து அளந்து எழுதினாள். பத்து நாளில் பதில் கார்டு வந்தது. அன்று மழை. தபால்காரர் குடையில்லாமல் வந்திருந்தார்.

“வாசி,” என்றான் ஞானசிங். ராகேல் பலகையைப் போட்டாள்.

செல்லபாய் ஒவ்வொரு வரியையும் முதலில் இங்கிலீஷில் படித்து, பிறகு தமிழில் சொன்னாள். அப்படிப் படிப்பதுதான் அவர்களுக்குப் பிடிக்கும். “உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்கள் கேட்கும் அளவில் இரண்டு ஜாதித் தோட்டா உண்டு. ஒன்றில் கறுப்பு வெடிமருந்து. மற்றதில் கார்டைட் என்கிற புதிய மருந்து. அதற்குப் புகை இல்லை. எது வேண்டும் என்று தெரிவிக்கவும்.”

அதற்குக் கீழே இன்னும் இரண்டு வரி இருந்தது. இடம் போதாமல் கார்டின் ஓரத்தில் பொடி எழுத்தில் நெருக்கி எழுதப்பட்ட வரிகள். அதன் மேலேயே தபால் முத்திரை விழுந்து, மழை பட்டு, மை கலங்கியிருந்தது. அவள் கண் அங்கே தடுக்கியது. தலை நிமிர்ந்தாள். இரண்டு பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அவ்வளவுதானா?” என்றாள் ராகேல். “அடியில என்னமோ கிறுக்கிக் கெடக்கே?”

“தங்கள் உத்தரவை எதிர்பார்த்திருக்கும், தங்கள் தாழ்மையுள்ள ஊழியன்,” என்றாள் செல்லபாய், தடங்கலில்லாமல்.

“நல்ல மரியாதக்காரன்,” என்றான் ஞானசிங்.

மத்தியானம் மழை விட்டதும் அவள் கார்டை எடுத்துக்கொண்டு கிணற்றங்கரைக்குப் போனாள். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாள். எழுத்தெழுத்தாகக் கூட்டினாள். ‘இரண்டும் உங்கள் துப்பாக்கிக்குள் போகும்.’ அது தெளிவாகவே இருந்தது. அதன் பிறகு முத்திரையின் கரிய வட்டத்துக்குள் ஐந்தாறு வார்த்தை கரைந்து போயிருந்தது. எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அங்கே ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு மறுபடியும் எழுத்து வந்தது. ‘முன்கட்டையைக் கழற்றி, குழாயின் அடியில் வெட்டியிருக்கும் எழுத்தைப் பார்த்து எழுதவும்.’

வீட்டுக்கு வந்தாள். துப்பாக்கி சுவரில் இரண்டு ஆணிகளுக்கு மேல் கிடந்தது. முன்கட்டையைச் சுற்றி அந்தக் கறுத்த கட்டு, சாரைப்பாம்பு சுருண்ட மாதிரி.

“இஞ்ச பாருங்க,” என்றாள். “அந்த முன்கட்டைய ஒண்ணு கழத்த முடியுமா?”

ஞானசிங் கோழிக்கூட்டுக்கு மரச்சட்டம் அறைந்துகொண்டிருந்தான். வாயில் ஆணி. அதை எடுத்துவிட்டுத் திரும்பினான்.

“கழத்தவா? மூணு நாள் கட்டின கட்டு. கழத்தணும்னா வெட்டித்தான் எடுக்கணும். என்னத்துக்கு?”

சொல்லியிருக்கலாம். கார்டில் இப்படி எழுதியிருக்கிறது, காலையில் வாசிக்கத் தெரியாமல் விட்டுவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ராகேல் அருகிலேயே உட்கார்ந்து முறத்தில் நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். அவள் கை நின்றுவிட்டது. முறம் காற்றில் அப்படியே நின்றது. வாசிக்கத் தெரியாத வரிக்குத் தாழ்மையுள்ள ஊழியன் என்று வாயில் வந்ததைச் சொன்னவள் என்று இன்றைக்கு இந்த முற்றத்தில் தெரிந்தால், நாளைக்குச் சபை முற்றத்தில் தெரியும். கொழும்புக் கடிதங்களில் இதுவரை எத்தனை வரி இவளாகச் சேர்த்ததோ என்று ஒவ்வொருத்தரும் யோசிக்க ஆரம்பிப்பார்கள்.

“சும்மா கேட்டேன்,” என்றாள் செல்லபாய்.

முறம் மறுபடியும் அசைந்தது.

அன்று சாயங்காலம் அவள் பதில் எழுத உட்கார்ந்தாள். இரண்டில் எது என்று அவளே முடிவு செய்ய வேண்டியிருந்தது. இரண்டும் உள்ளே போகும் என்று கடைக்காரரே எழுதியிருக்கிறார். உள்ளே போகிறது பொருந்தாமல் இருக்குமா? மோதிரம் விரலில் ஏறினால் அது அந்த விரலுக்கானதுதானே. பின்னே எது நல்லது என்பதுதான் கேள்வி. புதியது நல்லது. புகையில்லாதது நல்லது, பன்னி எங்கே நிற்கிறது என்று தெரியும்.

“எது வேணும்னு எழுத?” என்று கணவனைக் கேட்டாள்.

“எதுக்குப் பலம் கூடுதலோ அது,” என்றான் அவன். “ஒரே வெடியில சாயணும் பாத்துக்கோ. பாதி செத்த பன்னிதான் அத்தான கொன்னது.”

அவள் கார்டைட் என்று எழுதினாள். எழுத்து அழகாக விழுந்தது. ஏதோ விட்டுப்போனது போலிருக்கவே, அதற்குப் பக்கத்தில் ‘பார்த்து’, அதாவது குழாயின் எழுத்தைப் பார்த்துத்தான் எழுதுகிறேன் என்ற பொருளில் ஒரு வார்த்தையும் சேர்த்தாள்.

*

ஞானசிங் பஸ் பிடித்துத் திருவனந்தபுரம் போய், மறுநாள் பத்துத் தோட்டாக்களோடு திரும்பி வந்தான். சோறு தின்றபடியே கதை சொன்னான்.

“அந்த மனுசன் என்னைய ரெண்டுமட்டம் கேட்டாரு. ‘கார்டைட்தானா? தோக்கப் பாத்துத்தான் எழுதினதா?’ன்னு. நான் சொன்னேன், ‘ஐயா, எனக்க பெண்டாட்டி இங்கிலீசு படிச்சவ. அவ எழுதினா எழுதினதுதான்.’ அவரு பின்ன கடுதாசிய எடுத்துப் பாத்தாரு. தோட்டாவ எண்ணித் தந்தாரு.”

ராகேல் சிரித்தாள். அவள் சிரித்து செல்லபாய் பார்த்ததே குறைவு. “கடைக்காரனுக்கு முன்னால பெண்டாட்டிக்க பெருமைய அவுத்து வச்சியாக்கும். அவனுக்கு வீட்டில என்ன ஏச்சு விழுந்துதோ!”

செல்லபாய் குழம்பை மறுபடியும் ஊற்றினாள். இப்போதாவது சொல்லலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. ஆனால் அவன் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் வாய் எழவில்லை. இரண்டு வருஷத்தில் அவளைப் பற்றி அவன் வெளியாளிடம் பெருமையாகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலையில் ஒரு தோட்டாவைப் பரீட்சை பார்த்தான். விளையோரத்துப் பலாவில் சுண்ணாம்பால் வட்டம் போட்டான். வெடித்தது. சத்தம் மலையில் மோதித் திரும்பி வந்தது. புகையே இல்லை. பலாவில் விரல் நுழைகிற துளை. ராகேல் ஓடிப்போய் அந்தத் துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள்; விட்ட விரலை வெகுநேரம் எடுக்கவில்லை. அவள் தோள் குலுங்கியது.

செல்லபாய் கண்ணை மூடி ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொன்னாள். அப்பாடா. ஒன்றும் ஆகவில்லை. எழுத்தாவது, அடியாவது.

ஒன்றுதான் தகராறு. வெறும் கூடு வெளியே வர மறுத்தது. வெடித்த இடத்திலேயே ஊதிப் பிடித்துக்கொண்டு நின்றது. ஞானசிங் வாய்ப்பக்கமாகக் கம்பி விட்டு, சுத்தியலால் தட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

“புதுசில்லியா, உராசல் இருக்கும்,” என்று அந்த இடத்தில் தேங்காயெண்ணெய் தடவினான்.

அது ஒரு எச்சரிக்கை என்று அந்த வீட்டில் சொல்ல ஆள் இல்லை. கல்லும் மண்ணும் பனையும் பேசுவது அவர்களுக்குப் புரியும். இரும்பு பேசியது யாருக்கும் புரியவில்லை.

நாலு நாள் பன்னி வரவில்லை. ஐந்தாம் நாள் விடிகாலை ஞானசிங்கும் ராகேலும் விளைக்குப் போனார்கள். செல்லபாய் வீட்டில் மரச்சீனி தோல் சீவிக்கொண்டிருந்தாள். வெடிச்சத்தம் கேட்டது. ஆனால் அது பலாவில் அடித்த சத்தம் போல இல்லை. உள்ளே ஏதோ உடைந்த சத்தமும் கூடவே இருந்தது. பானை விழுந்தால் வருமே, அப்படி. கத்தியைக் கீழே வைத்தாள். அதற்குள் ராகேலின் குரல் வந்தது. வார்த்தை இல்லாத குரல். போன ஐப்பசியிலும் அவள் அப்படித்தான் கத்தினாள் என்று பிறகு சொன்னார்கள்.

அவள் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது ஞானசிங் வரப்பின் மேல் உட்கார்ந்திருந்தான். முகத்தை வலது கையால் பொத்தியிருந்தான். விரலிடுக்கு வழியே ரத்தம் முழங்கைக்கு ஓடியது. இடது கையை மடியில் வைத்திருந்தான், அது தன்னுடையதல்ல என்பது போல. அதில் கட்டைவிரல் இல்லை. இன்னும் இரண்டு விரல்களும் இல்லை.

“பன்னி விழுந்துதா?” என்று கேட்டான். “செல்லியா? பன்னி விழுந்துதான்னு பாரு.”

விளையில் பன்னி இல்லை. தோண்டிய குழிகள் மட்டும் இருந்தன.

ராகேல் ஆள் கூட்டிவர ஓடினாள். செல்லபாய் தன் சேலையைக் கிழித்து அவன் கையைச் சுற்றிக் கட்டினாள். கட்டும்போதுதான் காலடியில் கிடந்த துப்பாக்கியைப் பார்த்தாள். தோட்டா போடுகிற இடத்தில் குழாய் பிளந்து, வாழைமடல் மாதிரி விரிந்திருந்தது. முன்கட்டை பறந்துவிட்டது. மூன்று நாள் கட்டிய கட்டும் பிய்ந்து நார்நாராக மரச்சீனிச் செடிகளில் தொங்கியது. குழாயின் அடிப்பக்கம் மேலாகத் திரும்பிக் கிடந்தது.

அங்கே எழுத்து இருந்தது. சின்ன எழுத்து. துரு ஏறவில்லை, மழை படவில்லை, ஒரு புள்ளி கூடத் தேயவில்லை. கறுப்பு மருந்து இவ்வளவு, குண்டின் எடை இவ்வளவு என்று அச்சடித்தது போல வெட்டியிருந்தது. வாழ்க்கையில் அவள் வாசித்த இங்கிலீஷிலேயே அதுதான் எளிதாக இருந்தது. ஒரே பார்வையில் வாசித்துவிட்டாள்.

*

நெய்யூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் மூன்றாம் நாள் சொன்னார். வலது கண் போய்விட்டது. இடது கண்ணைப் பற்றிக் கட்டு அவிழ்க்கும்போதுதான் சொல்ல முடியும். இடது கையை மணிக்கட்டு வரைதான் காப்பாற்ற முடிந்தது. பனையேற்றம் இனி இல்லை.

இரண்டு கண்ணையும் கட்டியிருந்ததால் ஞானசிங்குக்கு உலகம் முழுக்கக் குரலாகிவிட்டது. செல்லபாய் கட்டிலிலிருந்து இரண்டடி விலகினாலும் கூப்பிடுவான். முதலில் வலியைப் பற்றிப் பேசினான். பிறகு விளையைப் பற்றி. ஒரு வாரத்தில் அவனுக்குப் பேச ஒரே ஒரு விஷயம்தான் மிஞ்சியது.

“கெட்ட தோட்டாவத் தந்துட்டான்கா,” என்பான் ராகேலிடம். “பழசு என்னத்தையோ நெறச்சு அடச்சு வித்திருக்கான். காட்டுப்பயலுக்கு என்ன தெரியும்னு நெனச்சிருப்பான்.”

“அவன் உருப்படுவானா?” என்பாள் ராகேல். “எனக்க தம்பிக்க கண்ணத் தின்னவன்!” அவள் விசிறி சற்று வேகமாக அடிக்கும்.

போலீஸ் வந்து துப்பாக்கித் துண்டுகளை எடுத்துப் போயிருந்தது. திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் வாக்குமூலம் எழுத வருகிறார் என்று தகவல்.

சனிக்கிழமை மத்தியானம், செல்லபாய் குழாயடியில் கஞ்சிப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது, குடையும் தொப்பியுமாக ஒருவர் வந்து நின்றார். ஒல்லியான, நடுவயதைத் தாண்டிய ஆள். கோட்டு மடிப்பெல்லாம் பஸ் தூசி.

“ஞானசிங்கின்டெ வீட்டுக்காரியா?” என்று கேட்டார். “நான் ரொசாரியோ. தோக்குக்கடை.”

பாத்திரம் அவள் கையிலிருந்து நழுவித் தொட்டிக்குள் உருண்டது.

அவர் கோபமாக வரவில்லை. அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. சட்டைப்பையிலிருந்து அவள் எழுதிய கடிதத்தை எடுத்தார். நாலாக மடித்து, மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்தது. நிறையத் தடவை பிரித்துப் பார்த்திருக்க வேண்டும்.

“பார்த்துன்னு எழுதியிருக்கீங்க அம்மா. நீங்க முன்கட்டையைக் கழட்டிப் பார்த்தீங்களா? கேஸுக்கு வேண்டி கேக்கல. எனக்கு உறங்கணும். பத்து நாளா உறக்கம் இல்ல. நான் ஏதாவது தப்பா எழுதிட்டேனோ, அந்தக் கார்டில எழுத்து தெளிஞ்சிருந்துதோன்னு… நீங்க பார்த்தீங்களா?”

“பாக்கல,” என்றாள் செல்லபாய்.

அவர் குடையின் நுனியால் ஈரத்தரையில் ஒரு கோடு கிழித்தார்.

“ரெண்டு தோட்டாவும் பாக்க ஒண்ணு மாதிரியே இருக்கும்,” என்றார் பிறகு, தனக்கே சொல்லிக்கொள்வது போல. “நீளம் ஒண்ணு. வாய் ஒண்ணு. வழுக்கிட்டு உள்ளே போகும். அதுக்காகத்தான் எழுத்து வெட்டி வைக்கறது. கறுப்பு மருந்துக்காகச் செஞ்ச குழாய் கார்டைட்டின்டெ அடியைத் தாங்காது. ஒரு வெடி தாங்கும், ரெண்டு தாங்கும். நானும் விட்டிருக்கக் கூடாது. தோக்கைக் கொண்டு வரச் சொல்லியிருக்கணும். அவர் உங்களைப் பத்தி அத்தனை பெருமையாச் சொன்னார். அதில நான் நம்பிட்டேன்.”

அவள் குனிந்து தொட்டிக்குள் கிடந்த பாத்திரத்தை எடுத்தாள்.

“என் கடையை மூடச் சொல்லிட்டாங்க. திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் இங்கே வந்துட்டு என்கிட்டே வரார். இந்தக் கடிதத்தை நான் இதுவரை யாருக்கும் காட்டல. காட்டினா நான் தப்பிப்பேன். ஆனா உங்க புருஷன் அதைப் போலீஸ்காரன் வாயால கேக்கக் கூடாது, அம்மா. நீங்க சொல்லணும். அதுக்கு முன்னால நீங்க சொல்லணும்.”

கடிதத்தை மறுபடியும் மடித்துப் பைக்குள் வைத்தார். வார்டு வாசல் வரை போனார். அங்கிருந்து கட்டிலில் கிடந்தவனைப் பார்த்தார். தலையிலிருந்து தொப்பியை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு உள்ளே வராமலே திரும்பிப் போனார்.

“யாரு பிள்ளே அது?” என்றாள் ராகேல்.

“வழி கேட்டாங்க மைனி,” என்றாள் செல்லபாய்.

அன்று முழுக்க அவள் சொல்வதற்கு முயன்றாள். கஞ்சி ஊட்டும்போது சொல்ல நினைத்தாள். அவன் வாயை முன்னே நீட்டிக் குருவிக்குஞ்சு மாதிரி காத்திருந்தான். முகம் துடைக்கும்போது நினைத்தாள். அவன், “உனக்கு நல்ல கை செல்லி,” என்றான். இருட்டில் கிடப்பவனிடம் இருக்கிற ஒரே கைப்பிடியையும் எப்படிப் பிடுங்குவது? பிடுங்காமல் எப்படி இருப்பது? சொன்னால் அவன் இனி ஒருபோதும் அவள் முகத்தைப் பார்க்கமாட்டான். அப்படி நினைத்த உடனே, கண் கட்டு அவிழ்ந்த பிறகும் அவன் ஒருவேளை யார் முகத்தையும் பார்க்கமாட்டான் என்பது நினைவுக்கு வந்தது. அதற்கு மேல் நினைக்க ஒன்றும் இருக்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெள்ளைச் சுவர். எவ்வளவு பார்த்தாலும் அதில் வாசிக்க ஒன்றும் இல்லை.

ஞாயிறு ஆராதனை மணி அடித்து ஓய்ந்தது. ராகேல் எங்கிருந்தோ காகிதமும் பேனாவும் மைக்கூடும் வாங்கிக்கொண்டு வந்தாள். கட்டிலருகே கிடந்த மரப்பெட்டியைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்து, செல்லபாய்க்கு இருக்கை போட்டாள்.

“நாளைக்கு இன்ஸ்பெக்டர் கையில கொடுக்கணும்,” என்றான் ஞானசிங். “வாயால சொன்னா அவனுவளுக்கு இஷ்டம்போல எழுதுவானுவ. நாம இங்கிலீசிலயே எழுதிக் கொடுத்தா ஒண்ணும் செய்ய ஒக்காது. நான் சொல்லுதேன், நீ எழுது.”

“இப்ப உடம்பு இருக்கியதுக்கு இது…” என்றாள் செல்லபாய்.

“உடம்பு இதுக்காகத்தான் கெடக்கு. எழுதுட்டி. திருவனந்தபுரத்தில தோக்குக்கடை வச்சிருக்கிய ரொசாரியோங்கிற ஆளு… எழுதினியா? …அறிஞ்சுக்கிட்டே கெட்ட தோட்டாவ எனக்கு வித்தான்.”

“அறிஞ்சுக்கிட்டேன்னு போடு,” என்றாள் ராகேல். “அதுக்கு அடியில கோடு போடு.”

பேனா காகிதத்தைத் தொட்டது. மேலே தேதி இருந்தது. ‘கனம் பொருந்திய ஐயா’ என்பதற்கான வார்த்தை இருந்தது. அதற்குக் கீழே பேனா நின்ற இடத்தில் ஒரு மைத்துளி விழுந்து மெல்லப் பரவியது. ராகேலுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் வெறும் காகிதத்தை அவளாலும் அடையாளம் காண முடியும். நல்லவேளையாக அவள் தம்பியின் முகத்தில் உட்கார வந்த ஈயை விரட்டிக்கொண்டிருந்தாள்.

“இன்னும் எழுது,” என்றான் அவன். குரல் தெளிந்துவிட்டது. பத்து நாளில் அவன் குரலில் உயிர் வந்தது இப்போதுதான். “எனக்க பெண்டாட்டி படிச்சவ. இன்ன தோட்டாதான் வேணும்னு அவ தெளிவாட்டு எழுதிக் கேட்டிருந்தா. அப்பிடி எழுதிக் கேட்டும் அந்த ஆளு இந்தச் சதிய செய்தான். அந்தக் கடுதாசி அவன் கையிலதான் இருக்கு, அதை வாங்கிப் பாக்கணும். அத நல்லா அழுத்தி எழுது. நம்ம பக்கம் இருக்கிய சாட்சி அது ஒண்ணுதான்.”

வெளியே யாரோ வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வாளி நிறைகிற சத்தம் மெல்ல ஏறி ஏறி வந்தது.

ஞானசிங் தலையணையில் முகத்தை அவள் இருந்த பக்கம் திருப்பினான். பஞ்சும் துணியும் சுற்றிய முகம். வலது கையை நீட்டிக் காற்றில் துழாவினான். காகிதத்தின் ஓரம் கையில் தட்டியதும், அது அங்கே இருக்கிறது என்று உறுதியாகிவிட்டதுபோல விரலை அதன் மேல் வைத்துக்கொண்டான்.

“எழுதிட்டியா செல்லி?” என்றான். “எங்க, இதுவரைக்கும் எழுதினத ஒருமட்டம் வாசி. தமிழில சொல்லு. நீ வாசிச்சுக் கேட்டாத்தான் எனக்குச் சமாதானம்.”